ஒரு பிழை, நூற்று நாற்பத்தாறு புகார்கள்

நம் கம்பைலரில் புதிதாக வேலைக்குச் சேருகிற நீங்கள் எல்லோரும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறீர்கள். 'தெரியாத வகை' என்று ஒரு டைப், அதாவது ஒரு மதிப்பு என்ன வகை என்று குறிக்கும் முத்திரை, வைத்திருக்கிறோம். அதை நீங்களாக உருவாக்க முடியாது. முதலில் பயனாளிக்கு ஒரு பிழைச் செய்தியைக் காட்ட வேண்டும். காட்டியதற்கு அத்தாட்சியாகத்தான் அந்த டைப் உங்கள் கைக்கு வரும். "எதுக்கு மேடம் இவ்ளோ சுத்தி வளைச்சு வச்சிருக்கீங்க?" என்று போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்து கேட்டார். போனில் சொல்லித் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2000களின் நடுவில் நம் அலுவலகம் உழவர்கரையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தம் ஒன்பது பேர். பிரான்ஸில் ஒரு கம்பெனி, தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிகளைச் செய்து விற்றது. எந்தப் பம்ப் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்று தொழிற்சாலையின் டெக்னீஷியன்களே ஒரு சின்ன மொழியில் எழுதி அந்தப் பெட்டியில் ஏற்றுவார்கள். அவர்கள் எழுதியதைப் படித்துச் சரிபார்த்துப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் நம்முடையது. அதில் டைப் செக்கர் என் பொறுப்பு. முழு எண் வர வேண்டிய இடத்தில் தசம எண் வருகிறதா, அறிவிக்காத பெயரைப் பயன்படுத்துகிறார்களா என்றெல்லாம் பார்த்துச் சொல்வது அந்தப் பகுதியின் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் குழுத் தலைவர் என் மேசைக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். "சேதராப்பட்டு ரோட்டுல சாயப்பட்டறை ஒண்ணு நம்ம பெட்டி வாங்கியிருக்கு. சனிக்கிழம அங்க சுடுதண்ணித் தொட்டி பொங்கி ஒருத்தர் கால் வெந்துடுச்சாம். நம்ம கம்பைலர்தான் காரணம்னு சொல்றாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

நான் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் அனுப்பியிருந்த புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டேன். தவறு அவர்களுடையது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தொட்டி எவ்வளவு உயரம் நிரம்பலாம் என்ற எல்லை, அமைப்புப் பட்டியலில் 1.8 மீட்டர் என்று சரியாகவே இருந்தது. அந்த எண்ணைப் புரோகிராமுக்குள் எடுக்கும் வரியில் யாரோ 'முழு எண்ணாக்கு' என்று ஒரு மாற்றத்தைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். நம் மொழியில் அந்த மாற்றம் அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போகும், 1.8 முழு எண்ணானால் 2. தொட்டியின் உயரமே 1.9 மீட்டர்தான். தண்ணீர் இரண்டு மீட்டரைத் தொட்டால் நிற்பேன் என்று பம்ப் காத்திருந்தது. தொட்டியோ அதற்கு முன்பே நிரம்பி வழிந்தது. இதில் கம்பைலர் என்ன செய்யும்? இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு தெம்பாகத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

சாயப்பட்டறையின் எலக்ட்ரிகல் அறையில் இருதயராஜ் இருந்தார். அந்தப் புரோகிராமை எழுதியவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும். வயரிங் வேலையில் தொடங்கி, தானாகவே படித்துப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதும் அளவுக்கு வந்தவர். இரண்டு நாளாகத் தூங்காதவர் போல் இருந்தார். காயம்பட்ட ஆறுமுகம் தொட்டியடியில் வேலை பார்க்கும் ஆள். கம்பூட்ஸுக்குள் கொதிநீர் இறங்கிவிட்டது, கழற்றுவதற்குள் இரண்டு பாதமும் வெந்துவிட்டன என்று இருதயராஜ் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறுமுகத்தின் மனைவியிடம் நின்றதாகவும், அந்த அம்மா தன்னை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார்.

நான் அந்த வரியைக் காட்டினேன். "இந்த முழு எண் மாத்தத்த நீங்க ஏன் போட்டீங்க?"

"நீங்கதான மேடம் போடச் சொன்னீங்க" என்றார்.

"நானா?"

"உங்க கம்பைலரு. இருங்க, காட்றேன்."

பழைய பிரதியைத் திறந்தார். சனிக்கிழமை காலை இருந்த நிலையில் புரோகிராம் அப்படியே இருந்தது. கம்பைல் செய்தார். ஏழெட்டு நிமிடம் கழித்துத் திரையில் செய்திகள் சரசரவென்று ஓடின. ஓடி முடித்து நின்றபோது கடைசி இருபது வரிகள்தான் கண்ணில் பட்டன. இருபதும் ஒரே மாதிரி: முழு எண் தேவை, தசம எண் தரப்பட்டுள்ளது. கீழே மொத்தம் 146 பிழைகள் என்று இருந்தது.

"நீங்க மேல போய் முதல் செய்தியப் பாத்திருக்கணும் சார்" என்றேன். நானே மேலே நகர்த்திக் காட்டினேன். ஆறேழு திரை தாண்டி, உச்சியில் இருந்தது: 'எல்லை என்ற பெயர் அறிவிக்கப்படவில்லை.' அறிவிப்பு வரியில் அவர் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார். உண்மையான பிழை அது ஒன்றுதான். மற்ற நூற்று நாற்பத்தைந்தும் அதன் பின்னால் வந்தவை.

"பாத்தேன் மேடம். சாயந்தரமா பாத்தேன். அதுக்குள்ள கீழேர்ந்து ஒவ்வொண்ணா சரிபண்ணிட்டே வந்துட்டேன். முழு எண்ணு வேணும், முழு எண்ணு வேணும்னு நூத்தம்பது தடவ கேட்டுச்சு. குடுத்தேன். கடைசியில அந்த எழுத்தையும் திருத்தினேன். ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிச்சு. பெட்டியில ஏத்திட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததைத்தான் சொன்னார். அறிவிக்கப்படாத பெயரைக் கண்டால், அதை முழு எண் என்று வைத்துக்கொண்டு மேலே போ என்று கம்பைலரில் எழுதியவள் நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம் எழுதினேன். அந்த இடத்தில் ஏதாவது ஒரு டைப் இல்லாவிட்டால் கம்பைலரே கவிழ்ந்துவிடும். ஏதோ ஒன்றைப் போட வேண்டும், முழு எண்ணைப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த 'எல்லை' தசம எண்ணாக இருக்க வேண்டியது. நான் அதை முழு எண் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டு, தசம எண்ணைக் கொடுத்த சரியான வரிகளையெல்லாம் தவறு என்று சொல்லியிருக்கிறேன். நூற்று நாற்பத்தைந்து முறை அடித்துச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் என்னை நம்பிச் சரியான வரிகளைத் தவறாக்கியிருக்கிறார். பிறகு எழுத்தைத் திருத்தியதும் புகார்கள் நின்றுவிட்டன, ஏனென்றால் தசம எண் இருக்க வேண்டிய இடத்தில் முழு எண் வந்தால் நம் மொழி அனுமதிக்கும்.

அலுவலகத்துக்குத் திரும்பித் தலைவரிடம் அப்படியே சொன்னேன். அவர், "அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேணும்னு மேல இருக்கறவங்ககிட்ட நான் பேசறேன். நீங்க இதச் சரிபண்ணுங்க" என்றார்.

முதலில் எனக்குத் தோன்றியது எளிய வழி. ஒரு பிழை வந்ததும் நின்றுவிடலாம். இருதயராஜுக்குப் போன் செய்து கேட்டேன். "ஐயோ வேணாம் மேடம். இங்க இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல ஒரு தடவ கம்பைல் பண்ண ஏழு நிமிஷம் ஆவுது. நெஜமாவே பத்து தப்பு இருந்தா எழுபது நிமிஷம் நான் இங்கயே ஒக்காந்திருக்கணும்" என்றார். ஒரு வரிக்கு ஒரு பிழை மட்டும் காட்டலாமா என்று பார்த்தேன். தொடர்ந்து வரும் பிழைகள் வேறு வேறு வரிகளில்தான் வருகின்றன, அதனால் பயனில்லை.

அப்புறம் வந்ததுதான் 'தெரியாத வகை'. ஒரு பெயர் என்னவென்று தெரியவில்லையா, தெரியவில்லை என்றே குறித்துக்கொள். ஒரு முறை சொல்லிவிடு. அதன் பிறகு அந்தப் பெயர் எங்கே வந்தாலும், எதோடு சேர்ந்தாலும், புகார் சொல்லாதே. அது கலந்த கணக்கின் விடையும் தெரியாத வகைதான். நமக்கே தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தவரைக் குற்றம் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். எழுதி முடிக்க மூன்று வாரம் ஆனது. இருதயராஜின் பழைய பிரதியைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பிழை. டீம் முழுக்க என் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரோ கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்கள்.

பிரான்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவர் பெயர் நீளமானது என்பதால் நாங்கள் பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படும் 'முசியே' என்றுதான் சொல்வோம். விபத்து விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய கம்பைலரைக் காட்ட வேண்டும். திருப்தியாக இருந்தால் அன்றே எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புவதாகத் திட்டம். திருப்தி இல்லையென்றால் கம்பைலர் வேலையை வேறு இடத்துக்கு மாற்றிவிடும் யோசனையும் அவர்களுக்கு இருந்தது. அது எங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது கலைச்செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள் ஒருத்திதான். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தினம் பஸ்ஸில் வந்து போவாள். வாடிக்கையாளர்கள் அனுப்பிய தவறான புரோகிராம்களையெல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாகப் புதிய கம்பைலரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது ஒண்ணுமே சொல்லாம பாஸாயிடுச்சு" என்றாள்.

"எந்தப் புரோகிராம்?"

"பட்டியலோட நீளம்னு எண்ணு போடற எடத்துல, அறிவிக்காத பேர் ஒண்ணப் போட்டிருக்காங்க. பழைய கம்பைலர் முப்பது எரர் காட்டும். புதுசு ஒண்ணுகூட காட்டல. பெட்டிக்கு ஏத்தற ஃபைலும் ரெடியாயிடுச்சு."

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. பட்டியல் நீளத்தைக் கணக்கிடும் பகுதியில், பெயர் கிடைக்காவிட்டால் 'தெரியாத வகை' என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அந்த நீளத்தைக் கேட்ட பகுதி பிழைச் செய்தியைச் சொல்லிவிடும் என்று நினைத்தேன். கேட்ட பகுதியோ, தெரியாத வகை வந்திருக்கிறது, அப்படியானால் ஏற்கனவே யாரோ சொல்லியிருப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டது. ஆக, யாருமே சொல்லவில்லை.

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்: "பட்டியல் நீளத்துக்கு யாரு பேர் போடப்போறாங்க? நாளைக்கு டெமோவுல இது வராது. இந்த ஒரு இடத்த மட்டும் இப்பவே சரிபண்ணிடறேன். காட்டி முடிச்சிட்டு மத்தத அடுத்த வாரம் பாக்கலாம்."

கலைச்செல்வி கையிலிருந்த காகிதத்தை மடித்தாள், பிரித்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "பழசு கத்திக்கினே இருந்துச்சு மேடம். அதுக்கே ஒருத்தர் கால் வெந்துச்சு. இது வாயே தொறக்கலயே. இதால என்னா ஆவும்னு நமக்கு எப்டித் தெரியும்?"

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அலுவலகத்தில் அதற்கு முன் என்னிடம் எதிர்த்துப் பேசியதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அது அவள் மேல் வந்த கோபம் இல்லை என்று புரியச் சில நிமிடங்கள் ஆயின. நான் எழுந்து, அவளையும் அழைத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். அவளையே சொல்லச் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தன இடம் இருக்கு வசந்தா?"

"தெரியாது சார்."

"எண்ணிச் சொல்ல முடியுமா?"

"இன்னிக்கு முடியாது. கோட்ல எங்க வேணா யாரு வேணா அந்த டைப்ப உருவாக்கலாம். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப நாளைக்கு அனுப்பறது கெடையாது. காரணத்த முசியேகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை கருவடிக்குப்பத்தில் இருந்த என் வீட்டிலிருந்து அலுவலகம் வரும் வரைக்கும், எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒத்திகை எதுவும் உதவவில்லை. முசியே உட்கார்ந்ததும் முதலில் நூற்று நாற்பத்தாறு ஒன்றானதைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்து, அவர் கேட்காமலே, கலைச்செல்வியின் புரோகிராமைப் போட்டுக் காட்டினேன். பிழை இல்லை என்று திரையில் வந்தது. "இதில் பிழை இருக்கிறது. எங்கள் கம்பைலருக்குத் தெரியவில்லை. அதனால் இன்று தர மாட்டோம்" என்றேன்.

தலைவர் அதைப் பிரெஞ்சில் இன்னும் விளக்கமாகச் சொன்னார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். முசியேவின் முகம் சுருங்கியது. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்ற மாதிரி ஏதோ சொன்னார். எனக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு வராது, ஆனால் தொனி புரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். இந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கண்டுபிடிக்காத இடங்களை அடுத்த முறை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பதில் தெரிந்ததுபோல் பேசியிருக்கலாம். "யோசிக்க ஒரு வாரம் வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் வேண்டா வெறுப்பாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் எங்கள் ஒன்பது பேரில் பாதிப் பேர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒருவர் வெளியே வேலை தேடவும் தொடங்கிவிட்டார்.

நீங்கள் முட்டிக்கொள்ளும் அந்த இடம் அந்த வாரத்தில் உருவானதுதான். பிழைச் செய்தியைக் காட்டும் ஃபங்ஷன் மட்டும்தான் தெரியாத வகையைத் திருப்பித் தரும். வேறு வாசல் கிடையாது. ஆகவே யார் கையிலாவது அந்த டைப் இருந்தால், எங்கோ ஒரு செய்தி போயிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு பேசாமல் இருப்பதில் தவறில்லை. இதற்கு மேல் ஒரு காவலும் போட்டோம்: எல்லாம் முடிந்த பிறகு, புரோகிராமில் தெரியாத வகை எங்காவது மிச்சமிருந்து, சொன்ன பிழைகள் பூஜ்யமாக இருந்தால், கம்பைலர் தன்மேலேயே தவறு என்று சொல்லி நின்றுவிடும். ஃபைலைத் தராது. வாசலை ஒன்றாக்கியபோது, சொல்லாமல் நழுவிய பதினோரு இடங்கள் தாமாகவே வெளியே வந்தன. அதில் நான்கு, தொழிற்சாலைகளில் தினமும் எழுதக்கூடியவை. டெமோவுக்கு முந்தைய நாள் அவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

முசியேவுக்கு எழுதி அனுப்பினோம். 'சரி' என்ற ஒரே சொல் பதிலாக வந்தது. வேலை எங்களிடமே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து சாயப்பட்டறையில் புதிதாக நான்கு தொட்டிகள் வைத்தார்கள். இருதயராஜ் அழைத்தார். போனேன். புதுத் தொட்டிகளுக்கான புரோகிராமைக் கம்பைல் செய்தார். ஒரு பிழை காட்டியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதானா? மீதி எங்க மேடம்?"

"மீதி இல்ல சார். ஒண்ணுதான்."

"இல்ல, எதையாச்சும் மறைக்குதா?"

விளக்கிச் சொன்னேன். அரை மனதாக அந்தப் பிழையைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தார். இப்போது வேறொரு பிழை வந்தது, உண்மையான பிழை. முதல் பிழை இருந்தவரை அந்த வரியில் எதையும் தீர்மானிக்க முடியாததால் கம்பைலர் அதைத் தொடாமல் விட்டிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை.

"பாத்தீங்களா. இருந்துச்சில்ல."

"அத மொதல்ல பாக்க முடியல சார். அந்தப் பேர் என்னான்னு தெரியாம அந்த வரியப் பத்தி எதுவும் சொல்ல முடியாது."

"அப்ப அதச் சொல்லிடுங்களேன். இத இன்னும் பாக்கலன்னு சொல்றதுல என்னா வெக்கம்?"

வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இன்று ஒவ்வொரு பிழைக்கும் கீழே பார்க்கிற 'இதனால் சரிபார்க்கப்படாத வரிகள் இத்தனை' என்ற சின்ன வரி, அந்த எலக்ட்ரிகல் அறையில் அவர் கேட்டு வந்தது. செய்திகளைக் குறைக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது கேட்டால், குறையுங்கள். ஆனால் எதைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மத்தியானம் புரோகிராம் பெட்டியில் ஏறியது. தொட்டிக்குத் தண்ணீர் விட்டுப் பார்க்க எல்லோரும் கீழே இறங்கினோம். ஆறுமுகம் வேலைக்குத் திரும்பியிருந்தார். புது பூட்ஸ் போட்டிருந்தார், நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான்தான் கம்பைலர் ஆள் என்று இருதயராஜ் அவரிடம் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு அவர் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர் ஏறியது. 1.6, 1.7. கண்ணாடிக் குழாயில் மட்டம் ஏறுவதை நாங்கள் அனைவரும் கிட்டத்தில் நின்று பார்த்தோம். 1.8ல் பம்ப் நின்றது. இருதயராஜ் மூச்சு விட்டார். கலைச்செல்வியையும் அழைத்து வந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறுமுகம் மட்டும் பத்தடி தள்ளிச் சுவரோரம் நின்றிருந்தார். பம்ப் நின்ற பிறகும் அங்கேயே நின்றார். கிட்டே வாருங்கள் என்று எங்களில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.